அடுக்குகளில் எழும் லிட்டில் இந்தியா

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில், லிட்டில் இந்தியாவின் அஞ்சடியில் ஒருவர் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு தூண். தூணுக்கு அப்பால் தெரு. தெருவின் மறுபக்கத்தில் ஒரு பூக்கடை. ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் பூக்கடை முழுவதும் தெரிகிறது. ஓரடி வலப்பக்கம் நகர்ந்தால் கடையைத் தூண் மறைத்துவிடுகிறது. கடை நகரவில்லை, தூணும் நகரவில்லை. அவர் நின்ற இடம் மாறியதால் அவர் கண்ட காட்சியும் மாறியது.

இதே தெருவைக் கணினித் திரையில் வரைபடமாக வரைந்து, அதில் நால்வர் விளையாடினால் என்ன ஆகும்? வழக்கமான வரைபடத்தில் நால்வரும் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவர். அங்கே தூண் எதையும் மறைக்காது. ஆனால், மெய்நிகர் மேசை எனப்படும் விளையாட்டுத் தளத்தில், ஒவ்வொருவருக்கும் அவரவர் காய் நிற்கும் இடத்திலிருந்து தெரிவது மட்டுமே திரையில் தோன்றும். இதற்கு இரண்டு நுட்பங்கள் துணை செய்கின்றன. ஒன்று, வரைபடத்தை ஓடுகளாகவும் அடுக்குகளாகவும் அமைத்தல். மற்றொன்று, பார்வைக் கோட்டைக் கணக்கிடுதல்.

மேசையிலிருந்து திரைக்கு

தமிழர் ஆடிவரும் ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. கோடுகளும் காய்களும் ஆடுபவர் இருவருக்கும் ஒரே அளவில் தெரியும். புலி எங்கே நிற்கிறது என்பது ஆட்டுக்காரருக்குத் தெரியும். அடுத்து அது எங்கே பாயும் என்பதுதான் தெரியாது. சதுரங்கமும் இத்தகையதே. இவ்விளையாட்டுகளில் எதிராளியின் எண்ணம் மறைந்திருக்கும், களம் மறைந்திருப்பதில்லை.

உண்மையான நிலத்தில் களமும் மறைந்தே இருக்கும். குன்றுக்குப் பின்னால் இருப்பவரை யாரும் காண முடியாது. இந்த உண்மையை விளையாட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி ஐரோப்பாவில் நடந்தது. 1812ஆம் ஆண்டில், பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த கியோர்க் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர், மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமிடம் ஒரு போர் விளையாட்டு மேசையை அளித்தார். நிலத்தின் தோற்றம் புடைப்பாகத் தீட்டப்பட்ட பீங்கான் ஓடுகள் அதில் இருந்தன. ஓடுகளை மாற்றி அடுக்கினால் புதியதொரு நிலப்பரப்பு உருவாகும். 1824இல் அவருடைய மகன் இவ்விளையாட்டை மேம்படுத்தினார். 1:8000 அளவுடைய நிலப்படத்தின்மீது அது ஆடப்பட்டது. ஆட்டத்திற்கு நடுவர் ஒருவர் இருந்தார். எதிரிப்படை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தால் மட்டுமே அப்படையின் காய் படத்தில் வைக்கப்படும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. இதில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக நடிப்பர். ஆட்ட நெறியாளர் ஒருவர் கதையை நடத்திச் செல்வார். முடிவுகளைப் பகடை தீர்மானிக்கும். கதைமாந்தர் எதைக் காண்கிறார், எதைக் காணவில்லை என்பதை நெறியாளரே வாய்மொழியாகச் சொல்லவேண்டியிருந்தது.

அந்த வேலையைப் பின்னர்க் கணினி ஏற்றுக்கொண்டது. 2012இல் ரோல்20, 2020இல் ஃபவுண்ட்ரி ஆகிய மெய்நிகர் மேசைகள் அறிமுகமாயின. தொலைவில் வாழும் நண்பர்களும் இணையத்தின்வழி ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்ததுபோல் விளையாட இவை வழிவகுத்தன. அன்றைய நடுவர் கண்ணால் அளந்து சொன்னதை இன்று கணினி கணக்கிட்டுக் காட்டுகிறது.

லிட்டில் இந்தியா என்னும் களம்

மாணவர் குழு ஒன்று இத்தகைய மேசையில் லிட்டில் இந்தியாவையே களமாக அமைக்க விரும்புவதாகக் கொள்ளலாம். கதை எளியது. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, கடைத்தெருவில் பெருங்கூட்டம். ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பெற்றோரின் கையை விட்டுப் பிரிந்துவிடுகிறது. விளையாடும் நால்வரும் நான்கு திசைகளிலிருந்து தேடத் தொடங்குகின்றனர். குழந்தை எங்கே இருக்கிறது என்பது நெறியாளருக்கு மட்டுமே தெரியும்.

களத்தின் அடிப்படை அமைப்பு மிகவும் ஒழுங்கானது. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைத்த பிறகு, ஜார்ஜ் டவுனின் தொடக்கக் காலத் தெருக்கள் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்டன. பாப்ஹாம் என்னும் கடற்படை அதிகாரி 1798இல் வரைந்த நிலப்படத்தில் இக்கட்ட அமைப்பைக் காணலாம். கடற்கரைப் பக்கமிருந்து உள்ளே வரும்போது லெபோ பந்தாய், லெபோ பினாங்கு, லெபோ கிங், லெபோ குயின், ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் ஆகியவை வரிசையாக வருகின்றன. லெபோ சைனா, லெபோ பசார், லெபோ சூலியா ஆகியவை இவற்றைக் குறுக்காக வெட்டுகின்றன. இத்தெருக்களை ஒட்டிய பகுதியே இன்றைய லிட்டில் இந்தியா. லெபோ குயினில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் நிற்கிறது.

நேரான தெரு நீண்ட பார்வையைத் தரும். நெருங்கிய கடைவரிசை பார்வையை அடைக்கும். லெபோ கிங்கில் நிற்பவர் அத்தெரு நெடுகப் பார்க்கலாம். அடுத்த தெருவான லெபோ குயினில் நடப்பதைக் காண அவர் ஒரு சந்திப்பு வரை நடந்தாகவேண்டும். ஆகவே, பார்வைக் கோட்டைக் கற்பதற்கு இவ்விடம் ஏற்றதாகும்.

ஓடுகள்: சிறியவற்றால் ஆன பெரிய தரை

பழைய கடைவீடுகளின் அஞ்சடிகளில் வண்ணப் பூவேலை கொண்ட தரையோடுகளைக் காணலாம். ஒரே வடிவமுள்ள ஓடுகளைத் திரும்பத் திரும்பப் பதித்தே பெரிய தரை உருவாக்கப்படுகிறது. கணினி வரைபடமும் இம்முறையையே பின்பற்றுகிறது.

1979இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘கேலக்சியன்’ விளையாட்டு, ஓடுகளைக் கொண்டு திரையை நிரப்பிய தொடக்கக் கால விளையாட்டுகளுள் ஒன்று. அக்காலக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. முழுப் படத்தையும் சேமிப்பதைவிடச் சில ஓடுகளைச் சேமித்து, எந்த இடத்தில் எந்த ஓடு என்று எண்களால் குறித்துவைப்பது எளிதாக இருந்தது. தார்ச்சாலைக்கு 1, தரையோட்டுக்கு 2, தூணுக்கு 3 என எண் கொடுத்தால், ஒரு தெருவே எண்களின் வரிசையாக மாறிவிடும்.

இணைய நிலப்படங்களும் ஓடுகளால் ஆனவையே. பொதுவாக ஓர் ஓடு 256 படப்புள்ளி அகலமும் 256 படப்புள்ளி உயரமும் கொண்டிருக்கும். தொடக்க நிலையில் உலகம் முழுவதும் ஓர் ஓட்டில் அடங்கும். ஒரு நிலை நெருங்கும்போது அது 4 ஓடுகளாகப் பிரியும், அடுத்த நிலையில் 16, அதற்கடுத்து 64. பத்தாம் நிலையில் 10,48,576 ஓடுகள் இருக்கும். பயனர் பார்க்கும் பகுதிக்குரிய சில ஓடுகளை மட்டுமே கருவி இறக்கிக்கொள்வதால் படம் விரைவாகத் தோன்றுகிறது.

மேசை விளையாட்டில் ஒரு கட்டம் பெரும்பாலும் 5 அடியைக் குறிக்கும். லிட்டில் இந்தியாவில் இது இயல்பாகவே பொருந்துகிறது. கடைவீட்டின் முன்புறக் கூரையிட்ட நடைபாதையை மலாயில் ‘காக்கி லீமா’ என்பர். ‘ஐந்தடி’ என்பதே அதன் பொருள். தமிழர் வழக்கில் அஞ்சடி. எனவே, அஞ்சடியின் அகலம் வரைபடத்தில் ஒரு கட்டம். உண்மையில் அதன் அகலம் இடத்திற்கு இடம் சற்று மாறினாலும் தொடக்கக் கணக்குக்கு இது போதும். 60 கட்ட நீளமும் 40 கட்ட அகலமும் கொண்ட வரைபடம் 300 அடிக்கு 200 அடி நிலத்தைக் காட்டும். அதில் 2,400 கட்டங்கள் இருக்கும். ஆயினும், சாலை, அஞ்சடி, கடைத்தரை, தூண் எனச் சில வகை ஓடுகளே அவை அனைத்தையும் நிரப்பப் போதுமானவை.

அடுக்குகள்: எது கீழ், எது மேல்?

தரையை நிரப்பிய பிறகு அதன்மேல் பொருள்களையும் மனிதர்களையும் வைக்கவேண்டும். இங்கே வரிசை முக்கியம். கோலமிடுபவர் முதலில் புள்ளி வைக்கிறார், பிறகு கோடிழுக்கிறார், அதன்பின் வண்ணம் நிரப்புகிறார். வண்ணத்தை முதலில் கொட்டிவிட்டால் புள்ளிகளைக் காண முடியாது. கணினியும் கீழ் அடுக்கை முதலில் வரைந்து, அதன்மேல் அடுத்ததை வரைகிறது. பின்னால் வரையப்படுவது முன்னால் வரையப்பட்டதை மறைக்கும்.

மாணவர் குழு அமைக்கும் வரைபடத்தில் ஐந்து அடுக்குகள் தேவைப்படும்.

முதலாவது, தரை அடுக்கு. சாலை, அஞ்சடி, கடையின் உட்தரை ஆகியவை இதில் அடங்கும். ஆட்டத்தின்போது இவை நகர்வதில்லை.

இரண்டாவது, பொருள் அடுக்கு. மாலைகள் தொங்கும் பூக்கடைச் சட்டம், மளிகைக் கடை மூட்டைகள், பலகாரம் அடுக்கிய மேசை ஆகியவற்றை இதில் வைக்கலாம். தேவைப்பட்டால் நெறியாளர் இவற்றை நகர்த்துவார்.

மூன்றாவது, காய் அடுக்கு. தேடுவோர் நால்வரின் காய்களும் கடைக்காரர்களின் காய்களும் இங்கே நிற்கும்.

நான்காவது, நெறியாளர் அடுக்கு. குழந்தையின் காய் இதில் இருக்கும். தகுந்த நேரம் வரும்வரை விளையாடுவோர் திரையில் அது தோன்றாது.

ஐந்தாவது, சுவர் அடுக்கு. இது படமன்று; கோடுகளின் தொகுப்பு. விளையாடுவோர் கண்ணுக்கு இக்கோடுகள் தெரிவதே இல்லை. ஆயினும், யார் எதைக் காணலாம் என்பதை முடிவு செய்வது இந்த அடுக்குத்தான்.

புதிதாக வரைபடம் அமைப்பவர் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. அவர் தரை அடுக்கில் அழகான சுவரை வரைந்துவிட்டு, சுவர் அடுக்கில் கோடு போட மறந்துவிடுவார். அப்போது கண்ணுக்குச் சுவர் தெரியும். கணினிக்குச் சுவரே இருக்காது. காய் அதன் ஊடாகப் பார்க்கும். ஊடாக நடந்தும் போகும். கணினி படத்தைப் பார்த்துச் சுவரை உணர்வதில்லை. கொடுக்கப்பட்ட கோட்டைக்கொண்டே உணர்கிறது.

எல்லாச் சுவரும் ஒரே சுவரன்று

சுவர்க்கோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். இது நடையைத் தடுக்கிறதா? இது பார்வையைத் தடுக்கிறதா? லிட்டில் இந்தியாவில் இவ்விரு கேள்விகளுக்கும் நான்கு வகையான விடைகள் கிடைக்கின்றன.

இரண்டு கடைவீடுகளைப் பிரிக்கும் செங்கல் சுவர் நடையையும் தடுக்கும், பார்வையையும் தடுக்கும். நகைக்கடையின் கண்ணாடிக் காட்சிப்பேழை நடையைத் தடுக்கும், பார்வையைத் தடுக்காது. புடவைக்கடை வாசலில் தொங்கும் புடவைகள் பார்வையைத் தடுக்கும். ஆனால் விலக்கிக்கொண்டு நடக்கலாம். சாலையில் வரைந்த வெள்ளைக்கோடு எதையும் தடுக்காது. அதைச் சுவர் அடுக்கில் சேர்க்கவே தேவையில்லை. கதவு இவற்றுள் தனி வகை. மூடியிருந்தால் செங்கல் சுவருக்கு ஒப்பாகும். திறந்திருந்தால் இல்லாததற்கு ஒப்பாகும்.

கூட்டத்தை என்ன செய்வது? வளர்ந்தவர் பத்துப் பேர் நெருங்கி நின்றால் அவர்களுக்கு நடுவில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை தெரியாது. ஆனால், அவர்களுக்கு அப்பால் உள்ள கடைப்பலகை தெரியும். கூட்டத்தைச் சுவராக்கினால் பலகையும் மறைந்துவிடும். சுவராக்காவிட்டால் குழந்தை எளிதில் தெரிந்துவிடும். எதைத் தேர்ந்தாலும் உண்மையில் ஒரு பகுதி விடுபடும். வரைபடம் அமைப்பவர் தம் ஆட்டத்திற்கு எது தேவை என்று எண்ணி முடிவு செய்தாக வேண்டும்.

பார்வைக் கோட்டைக் கணக்கிடுதல்

ஒரு காயிலிருந்து மற்றொரு காய்க்கு நேர்க்கோடு வரையவேண்டும். பார்வையைத் தடுக்கும் எதுவும் அக்கோட்டில் குறுக்கிடவில்லை என்றால், ஒன்று மற்றொன்றைக் காணும். இதுவே பார்வைக் கோட்டின் அடிப்படை விதி.

தேடுபவர் முதல் நெடுவரிசையும் முதல் கிடைவரிசையும் சேரும் கட்டத்தில் நிற்பதாகக் கொள்ளலாம். இதனை (1, 1) எனக் குறிக்கலாம். குழந்தை (7, 4) என்னும் கட்டத்தில் நிற்கிறது. கோடு 6 கட்டம் வலப்பக்கம் போகும்போது 3 கட்டம் மேலே போகிறது. அதாவது, இரண்டு கட்டத்திற்கு ஒரு கட்டம் உயர்கிறது. ஆகவே, கோடு (3, 2), (5, 3) ஆகிய கட்டங்களின் நடுவே செல்லும். அஞ்சடித் தூண் (5, 3) கட்டத்தில் இருந்தால் பார்வை தடைபடும். தேடுபவர் ஒரு கட்டம் மேலே, (1, 2) என்னும் இடத்திற்கு நகர்ந்தால் கோட்டின் சாய்வு குறையும். ஐந்தாம் நெடுவரிசையை அடையும்போது கோடு 3.33 என்னும் உயரத்தில் இருக்கும். கட்டம் முழுவதையும் அடைக்கும் தூணென்றால் அது இன்னும் மறைக்கும். ஒல்லியான தூணென்றால் குழந்தை தெரிந்துவிடும். தூணின் பருமனைச் சரியாகக் குறிப்பது ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

கட்டங்களில் நேர்க்கோடு எவ்வழியாகச் செல்லும் என்பதைக் கண்டறிய, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேக் பிரெசன்ஹாம் 1962இல் ஒரு வழிமுறையை வகுத்தார். அது 1965இல் வெளியிடப்பட்டது. தாளில் கோடு வரையும் இயந்திரத்திற்காக உருவான அம்முறை, முழு எண்களைக் கூட்டியும் கழித்துமே வேலையை முடித்துவிடும். ஆகவே, மிக எளிய கணினியாலும் அதைச் செய்ய முடிந்தது. கட்டங்களால் ஆன பல விளையாட்டுகளில் பார்வைக் கோட்டைக் கண்டறிய இம்முறை பயன்பட்டு வருகிறது.

ஆனால், காயைச் சுற்றியுள்ள பார்வைப் பரப்பு முழுவதையும் அறிய ஒரே ஒரு கோடு போதாது. எல்லாத் திசைகளிலும் எண்ணற்ற கோடுகள் வரைவதும் வீண்வேலை. இங்கே ஓர் எளிய உண்மை உதவுகிறது. பார்வை திடீரென்று மாறும் இடம் சுவரின் முனைதான். சுவரின் நடுப்பகுதியில் பார்வை முட்டி நிற்கும். முனையைத் தாண்டினால் அப்பால் பாயும். எனவே, காயிலிருந்து ஒவ்வொரு சுவர் முனைக்கும் கோடு வரைந்தால் போதும். அக்கோடுகளைக் கோணவாரியாக வரிசைப்படுத்தி, அவை முட்டும் புள்ளிகளை இணைத்தால் ஒரு பல்கோணம் கிடைக்கும். அதற்குள் இருப்பது தெரியும். வெளியே இருப்பது மறையும். காய் ஒவ்வொரு முறை நகரும்போதும் கணினி இப்பல்கோணத்தைப் புதிதாக வரைகிறது.

இதனுடன் ஒளியையும் சேர்க்கவேண்டும். மாலை மங்கிய நேரத்தில், இருண்ட அஞ்சடியில் நிற்பவர் விளக்கொளியில் உள்ள பூக்கடையை நன்கு காண்பார். பூக்கடையில் இருப்பவருக்கோ இருளில் நிற்பவர் தெரியமாட்டார். இருவருக்கும் இடையே உள்ள கோடு ஒன்றுதான். அதில் தடையும் இல்லை. ஆயினும், ஒளி ஒருவர்மீது மட்டுமே படுவதால் காட்சி ஒருவழிப்பட்டதாகிறது. எனவேதான் மெய்நிகர் மேசைகள் பார்வையையும் ஒளியையும் தனித்தனியே கணக்கிடுகின்றன.

தேடுவோர் நால்வரின் நிலையை இப்போது எண்ணிப் பார்க்கலாம். ஒருவருக்கு லெபோ பசாரின் ஒரு பக்கம் தெரிகிறது. மற்றொருவருக்கு ஒரு கடையின் உட்புறம் மட்டும் தெரிகிறது. மூன்றாமவர் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். நான்காமவர் சந்திப்பில் நிற்பதால் இரண்டு தெருக்களையும் காண்கிறார். தம் திரையில் இல்லாததால் குழந்தை அங்கே இல்லை என்று யாரும் முடிவு கட்ட முடியாது. நால்வரும் தாம் கண்டதைச் சொல்லி, காணாத இடங்களைக் கணக்கிட்டால்தான் தேட வேண்டிய பகுதி சுருங்கும். இவ்விளையாட்டில் வெற்றியைத் தருவது விரைந்த ஓட்டமன்று. கண்டதைப் பகிர்வதே ஆகும்.

தட்டையான வரைபடம் சொல்லாதது

இந்நுட்பத்திற்கும் எல்லை உண்டு. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் உயரம் இல்லை. கணினியைப் பொறுத்தவரை ஒரு சுவர் எல்லையற்ற உயரம் கொண்டது. உண்மையிலோ, தாழ்ந்த கூரைக்கு மேலே பின்னால் இருக்கும் கோபுரம் தெரியக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒருவரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவருக்கு 10 மீட்டர் முன்னால் 9 மீட்டர் உயரக் கடைவீடு ஒன்று நிற்கிறது. கடைவீட்டிற்கு 20 மீட்டர் பின்னால் 15 மீட்டர் உயரக் கோபுரம் இருப்பதாகக் கொள்ளலாம். கூரையைத் தொட்டுச் செல்லும் பார்வைக் கோடு, 10 மீட்டரில் 7.5 மீட்டர் உயர்கிறது. கோபுரம் உள்ள 30 மீட்டர் தொலைவை அடையும்போது அக்கோடு 24 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே, கோபுரம் முழுவதும் மறைந்துவிடும்.

அவரே கடைவீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்றால் கணக்கு மாறும். கோபுரம் இப்போது 60 மீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே பார்வைக் கோட்டின் உயரம் 12.75 மீட்டர் மட்டுமே. கோபுரத்தின் மேற்பகுதியில் 2.25 மீட்டர் கண்ணில் படும். கடைவீடு இருந்த இடத்தில் உயர்ந்த கட்டடம் ஒன்று எழுந்தால் அந்தச் சிறு பகுதியும் மறைந்துபோகும்.

இது விளையாட்டோடு நிற்கும் கணக்கன்று. நகரத் திட்டமிடுவோரும் ஓர் இடத்திலிருந்து எவையெல்லாம் தெரியும் என்பதை இவ்வாறே கணினியில் அளந்தறிகின்றனர். அவர்கள் பயன்படுத்தும் நிலப்படங்களிலும் சாலை, கட்டடம், உயரம், நிலப்பயன்பாடு எனப் பல அடுக்குகள் உண்டு. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தளமாக அறிவிக்கப்பட்டது. மரபு நகரில் ஒரு புதிய கட்டடத்தின் உயரம், அதன் உரிமையாளரை மட்டும் சார்ந்த செய்தியாக இருப்பதில்லை. அது தெருவில் நிற்கும் ஒவ்வொருவரின் பார்வைக் கோட்டையும் தொடுகிறது.

விடுபடக் கூடாத அடுக்கு

மெய்நிகர் மேசையில் மற்றொரு வசதியும் உண்டு. காய் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டால், அவ்விடம் திரையில் முற்றிலும் இருண்டுவிடாது, மங்கலாகத் தெரியும். அங்கிருந்த சுவர்களும் தரையும் நினைவில் நிற்கும். ஆனால், இப்போது அங்கே யார் இருக்கிறார் என்பது தெரியாது. காய்களைக் காண மீண்டும் அங்கே செல்லவேண்டும்.

பழைய நிலப்படங்களும் இத்தகைய மங்கலான நினைவைப் போன்றவையே. பாப்ஹாமின் நிலப்படம் தெருக்களின் கட்டங்களைக் காட்டுகிறது. அத்தெருக்களில் வாழ்ந்தவர்களை அறியப் பெயர்களைத் தேடிப் போகவேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் சூலியா என்னும் பெயர் இன்றும் ஒரு தெருவில் நிலைத்திருக்கிறது. அதே தெரு தொடக்கத்தில் மலபார் தெரு எனப்பட்டது. துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டிய தமிழர் இப்பகுதியில் குடியிருந்ததால், படகுக்காரத் தெரு என்றொரு பெயரும் தமிழர் வாயில் வழங்கியது. லெபோ பினாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்தினர். கட்டட வரைபடம் ஒன்றில் இவர்களுள் ஒருவரையும் காண இயலாது.

கட்டடங்கள் நின்றபடியே இருக்க, மக்கள் அடுக்கு மட்டும் மாறிப்போவதும் உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையைக் குறைந்த அளவில் வைத்திருந்தது. அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. மாறுதல் காலம் முடிந்து 2000ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகை உயர்ந்தது. பல குடும்பங்களும் சிறு தொழிலர்களும் உள்நகரைவிட்டு வெளியேறினர். அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் வரையப்பட்ட இரண்டு சுவர் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். காய் அடுக்குகளை அவ்வாறு வைத்தால் பொருந்தா.

லிட்டில் இந்தியாவை விளையாட்டுக் களமாக்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்வது நலம். கடைகளின் முகப்பை மட்டும் அழகாக வரைந்துவிட்டு, உள்ளே மாலை கட்டுபவரையும் மாடியில் வாழ்பவரையும் விட்டுவிட்டால், அத்தெரு ஓர் ஓவியச் சீலையாகவே நிற்கும். அப்படிப்பட்ட தெருவில் காணாமற்போன குழந்தையைப் பற்றிக் கேட்கவும் ஒருவர் இருக்கமாட்டார். குழந்தையைக் கண்டவர் பெரும்பாலும் அங்கேயே நாள்தோறும் அமர்ந்திருக்கும் கடைக்காரராகத்தான் இருப்பார். அவருடைய பார்வைக் கோட்டையும் கணக்கில் சேர்த்த பிறகே களம் முழுமை பெறும்.

வரைபடம் முடிந்தபின் செய்யவேண்டிய பணி ஒன்று எஞ்சியிருக்கும். அதனை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, லெபோ பசாரின் அஞ்சடியில் நடந்து பார்க்கவேண்டும். தூண்கள் குறித்த இடத்தில் உள்ளனவா? திறந்த கதவு எது, மூடிய கதவு எது? எந்தக் கடையில் யார் அமர்ந்திருக்கிறார்? அவரிடம் அனுமதி பெற்று, அவர் நாற்காலியிலிருந்து தெரு எப்படித் தெரிகிறது என்று கேட்டறியவேண்டும். அவர் சொல்லும் விடை வரைபடத்தோடு பொருந்தாவிட்டால், திருத்தப்பட வேண்டியது வரைபடமே.